கசட்டில் ஒதுங்கும் கரிம நச்சுகள் என்ன ஆகின்றன?

கேள்வி: கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டால் அதிலிருந்த வேதிப்பொருள்களும் அழிந்துவிடும்தானே, ஐயா?

பதில்: அப்படிக் கருதிவிடக் கூடாது. நீரில் எளிதில் கரையாமல் கொழுப்பை நாடும் பொருள்கள் கசட்டின், அதாவது சுத்திகரிப்பில் பிரிந்து அடியில் படியும் சேற்றின், துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் அவை குறைந்திருந்தால், அழிந்தும் இருக்கலாம், கசட்டுக்கு இடம் மாறியும் இருக்கலாம். பிளாஸ்டிக்கை இளக்கும் டி.இ.எச்.பி., சோப்புகளில் சேர்க்கப்பட்டுவந்த டிரைக்ளோசான், பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பி.சி.பி. ஆகியவை கசட்டைத் தேடிப் போகிறவை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபைன் இதற்கு நேர்மாறு: அது அதிகம் ஒட்டுவதும் இல்லை, எளிதில் சிதைவதும் இல்லை, பெரும்பகுதி நீரோடு ஆற்றுக்குப் போய்விடுகிறது.

கேள்வி: கசட்டைக் காற்றுப் புகாத தொட்டியில் பல நாள் செரிக்க வைக்கிறார்களே, அங்கேயுள்ள நுண்ணுயிர்கள் நச்சுகளையும் தின்றுவிடாதா?

பதில்: சிலவற்றைத் தின்னும். ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில், 20 நாள் அளவில் நடக்கும் இந்தச் செரிமானம் மீத்தேனையும் தந்து, கசட்டின் நாற்றத்தையும் குறைக்கிறது. ஆனால் பல பொருள்களின் சிதைவு ஆக்சிஜன் இருந்தால்தான் தொடங்கும். சலவைத்தூளில் உள்ள எல்.ஏ.எஸ். என்ற அழுக்கு நீக்கி காற்றோட்டத் தொட்டியில் விரைவாகச் சிதையக்கூடியது. காற்றூட்டுவதற்கு முன்பே படிந்துவிடும் முதல்நிலைக் கசட்டில் ஒட்டிய பங்கோ காற்றையே காணாமல் நேரே செரிமானத் தொட்டிக்குப் போய், கிலோவுக்குச் சில கிராம் என்ற அளவில்கூடத் தங்கிவிடுகிறது.

இதைவிடக் கவலைக்குரியது, பாதிச் சிதைவு மூலப்பொருளைவிடக் கொடிய ஒன்றைப் பெற்றெடுப்பது. 1984இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கீகரும் அவருடைய சகாக்களும், செரித்த கசட்டில் ஒரு கிலோ உலர் எடைக்கு 450 முதல் 2,530 மில்லிகிராம் வரை நோனைல்ஃபீனால் இருப்பதைக் கண்டார்கள். அது அப்படியே சாக்கடைக்கு வந்ததல்ல. சலவைப் பொருள்களில் இருந்த நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டின் நீண்ட சங்கிலியை நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் குறைக்க, காற்றில்லாத் தொட்டியில் எஞ்சியது இந்த நோனைல்ஃபீனால். மீன்களில் பெண் ஹார்மோனைப் போலச் செயல்படும் இந்தப் பொருள், சுத்திகரிப்பின் போக்கிலேயே உருவானது என்பதை இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் மறவாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: எங்கள் ஆய்வறிக்கையில், செரிமானத்துக்குப் பிறகு மாசின் அளவு கூடியிருக்கிறது. ஆய்வகத்தின் பிழையா?

பதில்: பெரும்பாலும் பிழையாக இராது. 100 கிலோ உலர் கசட்டில் 1 கிராம் மாசு இருந்தால், கிலோவுக்கு 10 மில்லிகிராம். அதில் 35 கிலோ வாயுவாகிப் போய் 65 கிலோ எஞ்சினால், மாசு துளியும் மாறாமலேயே அளவு 15 மில்லிகிராமைத் தாண்டும். ஆகவே செறிவை மட்டும் ஒப்பிடாமல், உள்ளே போன மொத்தத்தையும் வெளியே வந்த மொத்தத்தையும் கணக்கிடுங்கள்.

கேள்வி: மட்க வைத்தால் தீருமா?

பதில்: நன்றாகக் கிளறிக் காற்றூட்டினால் எல்.ஏ.எஸ்., நோனைல்ஃபீனால் இரண்டும் பெருமளவு குறையும். பி.சி.பி.யும் பல வளையங்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்களும் அவ்வளவு எளிதில் அசையா. ஆய்வில் காணாமல் போனவற்றில் ஒரு பங்கு மட்கோடு இறுகப் பிணைந்து, ஆய்வகம் மாசைப் பிரித்தெடுக்கும் கரைப்பானுக்குப் பிடிபடாமல் போயிருக்கவும் கூடும்.

கேள்வி: எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களான பி.எஃப்.ஏ.எஸ்.?

பதில்: செரிப்பதும் மட்க வைப்பதும் அதை அழிப்பதில்லை. அதன் முன்னோடிச் சேர்மங்கள் மாறி, மேலும் சிதையாத இறுதி வடிவங்களின் அளவு கூடுவதும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022இல் கசட்டை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது.

கேள்வி: எரித்துவிடுவதே நல்லதல்லவா?

பதில்: 850 பாகைக்கு மேல் முறையாக எரித்தால் பெரும்பாலான கரிம நச்சுகள் அழிகின்றன, பி.எஃப்.ஏ.எஸ்.க்கு இன்னும் கூடுதல் வெப்பம் வேண்டும். கசட்டை உரமாக்குவதைக் கைவிட்ட சுவிட்சர்லாந்து இந்த வழியில்தான் சென்றது. ஆனால் பயிருக்கு வேண்டிய பாஸ்பரசும் சாம்பலில் சிக்கிக்கொள்வதால், அதை மீட்கும் கடமையை அந்நாடு சட்டமாக்க வேண்டியிருந்தது. என் கருத்தில், நச்சை ஊற்றிலேயே நிறுத்துவதே முதல் வேலை. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டின் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அவ்வாறுதான் கட்டுப்படுத்தியது.

கேள்வி: கசட்டை வயலுக்கு வாங்கும் விவசாயி எதைக் கேட்க வேண்டும்?

பதில்: கன உலோக அறிக்கை மட்டும் போதாது, 1986ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை அவற்றுக்கு மட்டுமே வரம்பு வைத்தது. டென்மார்க் கரிமப் பொருள்களுக்கும் வரம்பு வகுத்தது: உலர் எடையில் கிலோவுக்கு எல்.ஏ.எஸ். 1,300, டி.இ.எச்.பி. 50, நோனைல்ஃபீனால் வகை 10, பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் 3 மில்லிகிராம். இந்த நான்கின் அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.