பி.ஆர். விசாவில் மெல்போர்ன் வந்தும் ஐ.டி. வேலைக்கு ஒரு அழைப்பும் வரவில்லை, என்ன செய்வது?

189 விசாவில் (திறமை அடிப்படையில் கிடைக்கும் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை விசா) வந்து இரண்டு மாதமாக விண்ணப்பித்தும் ஒரு போன்கூட வரவில்லை என்கிறீர்கள். உங்கள் திறமையில் குறை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஏ.சி.எஸ். (ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி) செய்யும் திறன் மதிப்பீடு விசாவுக்குத்தான் உதவும், நிறுவனங்கள் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

ரெஸ்யூமேயின் தலைப்பிலேயே நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது என்று எழுதி, உள்ளூர் மொபைல் எண்ணையும் போடுங்கள், இல்லையென்றால் விசாவுக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர் தேவைப்படும் ஆள் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் வேண்டாம். சீக் (வேலைவாய்ப்புத் தளம்), லிங்க்ட்இன் விளம்பரங்களில் நிறைய, நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகள் போடுபவைதான். விண்ணப்பித்ததோடு விடாமல் அதில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள், நமக்குத்தான் அது தொந்தரவு செய்வதுபோல் கூச்சமாக இருக்கும், அவர்கள் எண் கொடுப்பதே அதற்குத்தான்.

அப்புறம், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை ஆள் எடுப்பது ரொம்பவே மந்தம். கான்பெராவின் மத்திய அரசு வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஜாப்சீக்கர் என்ற, வேலை இல்லாதவர்களுக்கான அரசு உதவித்தொகைக்குப் புதிதாக வந்தவர்கள் பொதுவாக 4 வருடம் காத்திருக்க வேண்டும், அதனால் கையிருப்பைப் பார்த்துச் செலவழியுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைவானாலும் 6 மாத காண்ட்ராக்ட் கிடைத்தால் சரி என்று சேர்ந்துவிடுங்கள். அடுத்த வேலைக்கு உள்ளூர் அனுபவமும், உங்களைப் பற்றிச் சொல்ல இங்கேயே ஒரு மேனேஜரும் கிடைப்பார்.