பழைய டீசல் எஞ்சின் வேலைக்கு எவ்வளவு ஆகும்? வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று சிலிண்டர் டிராக்டர், இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. எஞ்சின் வேலைக்கு ஒரு மெக்கானிக் 45 ஆயிரம் என்கிறார், இன்னொருவர் 80 ஆயிரம் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: எஞ்சினைப் பிரிக்காமலே சொன்ன தொகை என்றால் இரண்டையும் நம்ப வேண்டாம். பிரித்து, கழுவி, அளவெடுக்கும் கூலியை மட்டும் முதலில் பேசுங்கள். அளந்த பிறகு உதிரி பாகம், லேத் வேலை, மெக்கானிக் கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

தொகை எகிறுவது பெரும்பாலும் கிராங்கில்தான் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு). ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து, 10, 20, 30 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று படிப்படியாக அளவைக் குறைத்து, அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். ஏற்கெனவே 30 வரை போன கிராங்க் என்றால் வேறு கிராங்க் தேட வேண்டியிருக்கும். உங்கள் 45 ஆயிரம் 80 ஆவது அங்கேதான். கழற்றிய பேரிங் ஷெல்லைத் திருப்பி முதுகுப் பக்கம் பாருங்கள், அளவு பொறித்திருக்கும். அதை நீங்களே உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது லைனர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழாய். பெர்கின்ஸ் 3.152 வகை எஞ்சினில் (3 சிலிண்டர், 152 கன அங்குலம், பெயரிலேயே இருக்கிறது) லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடாது. பிரஸ்ஸில் அழுத்தி ஏற்ற வேண்டும், வாங்கும் லைனரைப் பொறுத்து அப்புறம் உள்துளையை அளவுக்குக் கடைந்து, ஹோனிங்கும் (உள்சுவரை உரசிச் சீராக்குவது) செய்ய வேண்டும். தண்ணீர் படும் லைனர் என்றால் சீல் ரிங் போட்டு இறக்கிவிடலாம், லேத் செலவு குறையும். கிட் (லைனர், பிஸ்டன், ரிங் சேர்ந்த செட்) விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பாதியில் பணம் தீர்ந்துவிடும். வேலை பாதியில் நின்ற டிராக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: லைனரின் மேல்பகுதியில் விரல் நகத்தால் தடவுங்கள். படி மாதிரி தட்டினால் போதாது. புது ரிங் அந்தப் படியில் மோதி உடையலாம். மிச்சம் பிடித்த காசு போய், பிஸ்டனும் சேர்ந்து போகும்.

கேள்வி: கறுப்புப் புகை வருகிறது. எஞ்சினை முழுசாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, நாசிலையும் (டீசலைத் தெளிக்கும் முனை) டீசல் பம்பையும் டெஸ்ட் பெஞ்சில் பாருங்கள். ஆயில் எரிந்தால் புகை நீலமாக வரும். எஞ்சின் சூடான பிறகு பிரீதரைக் (எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) கவனியுங்கள். அங்கே குப்குப் என்று புகை தள்ளாமல், ஆயிலும் குறையாமல் இருந்தால் இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் (பழைய இங்கிலாந்து கம்பெனி) மாதிரி எஞ்சின், ஒற்றை சிலிண்டர். செலவு செய்யலாமா?

பதில்: தாராளமாக. ராஜ்கோட் பட்டறைகள் இதே மாதிரி எஞ்சினைப் பல காலமாகச் செய்துவருவதால் பாகம் கிடைக்கிறது. பிளாக்கிலும் ஹெட்டிலும் விரிசல் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். கூலி பேசும்போது இரண்டு ஃப்ளைவீலையும் கழற்றுவதைச் சேர்த்தே பேசுங்கள். துருப்பிடித்து இறுகிய கீயை (ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் ஆப்பு) உருவ அரை நாள் கூட ஆகும்.