கோயில் ஹாலில் கோடை முகாம்: யாரைச் சேர்ப்பது, எதைக் கொடுப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கோயிலோடு சேர்ந்த தமிழ்ப் பாடசாலை ஒன்றை நடத்துகிறோம். டிசம்பர் விடுமுறையில் 9 முதல் 13 வயது வரையுள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மூன்று வாரக் கோடை முகாம் போடலாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அதற்குள் 40 பெயர் வந்துவிட்டது. எல்லாப் பெற்றோரும் ரிப்போர்ட் கார்டை நீட்டுகிறார்கள். யாரை எடுப்பது? அடுத்த கிரேடு கணக்கையும் சயின்ஸையும் முன்கூட்டியே நடத்தினால் போதுமா? தமிழில்தான் நடத்த வேண்டுமா?

பதில்: ரிப்போர்ட் கார்டை வாங்கி ஓரமாக வையுங்கள். கேட்டதற்குப் பிள்ளை பதில் சொன்னதா என்பதுதான் அதில் தெரியும். கேட்காததை நோக்கி எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியாது. 95 வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு அது உழைத்துத் தொட்ட எல்லையாக இருக்கும், இன்னொருவருக்கோ கேள்வித்தாள் அங்கேயே தீர்ந்துபோயிருக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1970களில் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வைக் கொடுத்துப் பார்த்தது இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1978இல் இன்னும் ஒரு படி மேலே போனார். சராசரிக்கு மேற்பட்ட திறமை, படைப்பூக்கம், எடுத்த வேலையை விடாத பிடிவாதம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவதை எந்த மார்க்கும் காட்டாது.

அதனால் ஒரு சனிக்கிழமை காலை 40 பேரையும் வரச்சொல்லி ஒரே ஒரு வேலை கொடுங்கள். நான் சிபாரிசு செய்வது சிக்குக் கோலம். கட்டம் போட்ட தாளில் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கோடுகள் வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். கையெடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். அப்புறம் 2க்கு 4 போடச் சொல்லுங்கள். இரண்டு தனித்தனி இழை வரும். 3க்கு 3 போட்டால் மூன்று. இப்போது கேளுங்கள்: “6க்கு 9 போட்டால் எத்தனை இழை வரும்? வரையாமலே சொல்ல முடியுமா?”

விடை மூன்று. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் இழைகளின் எண்ணிக்கை. ஆனால் விடையைச் சொன்ன பிள்ளையை மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்லாமலே 5க்கு 7 போட்டுப் பார்த்தது யார், “நடுவில் ஒரு இடத்தில் கோட்டைத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டது யார், தப்பாக வந்த தாளைக் கசக்காமல் எங்கே பிசகியது என்று விரலால் தொடர்ந்து போனது யார் என்று பாருங்கள். இரண்டு பேர் சுற்றி வந்து குறிப்பெடுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். வகுப்பில் சும்மா உட்காராத, டீச்சர் புகார் சொல்லும் பிள்ளைகள் சிலர் இதில் முன்னால் வருவார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள்.

40 பேரில் 16, மிஞ்சினால் 18. அதற்கு மேல் எடுத்தால் அது டியூஷன் கிளாஸ் ஆகிவிடும். கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே சனிக்கிழமைதான். இதை முதல் கூட்டத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வைத்தால் மனத்தாங்கலும் குறையும்.

அடுத்த கிரேடு பாடத்தை முன்கூட்டி நடத்துவது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே வகுப்பில் சலித்துப்போகும் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷச் சலிப்பை நாமே வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகும். பாடத்திட்டத்தில் இல்லாத இரண்டு விஷயத்தை எடுத்து ஆழமாகப் போங்கள்.

ஒன்று, கப்பல் பதிவேடு. 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதை நம் பிள்ளைகள் விழாதோறும் கேட்டிருக்கிறார்கள். 1911 வரை இந்தியாவிலிருந்து மொத்தம் 1,52,184 பேர் அப்படி வந்தார்கள் என்பதும் காதில் விழுந்திருக்கும். பதிவேட்டுப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்க மாட்டார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள தழும்பு என்று பத்தி பத்தியாக இருக்கும். நகல் வேண்டுமென்றால் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் கேளுங்கள். பிள்ளைகள் வயதுப் பத்தியை மட்டும் எண்ணட்டும். 20, 25, 30 என்று முடியும் வயதுகள் அக்கம்பக்கத்து எண்களைவிடக் கூடுதலா? பிறந்த தேதி பதிவாகாத மக்களிடம் எடுத்த கணக்குகளில் இப்படிக் குவிவது வழக்கம். அப்படியானால் இந்த வயதைச் சொன்னது யார், வந்தவரா, எழுதிய குமாஸ்தாவா? இங்கிருந்து பிள்ளைகளே கேள்வி எழுப்புவார்கள். சாதிப் பத்தியும் ஒன்று உண்டு. அதை மறைக்க வேண்டாம். “நம்ம தாத்தா என்ன ஆள்” என்று தேடும் விளையாட்டாகவும் விட வேண்டாம். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும் வுட் சைக்காடு. சைக்காடு என்பது பனை போலத் தெரியும் மரம், ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஜான் மெட்லி வுட் 1895இல் ஙோயே காட்டில் கண்டெடுத்த ஒரே ஆண் மரம். இன்று உலகில் உள்ளதெல்லாம் அதிலிருந்து பிரித்து நட்டவை. பெண் மரம் இதுவரை அகப்படவில்லை. இந்த இனத்தைக் காப்பாற்ற என்ன வழி என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். நெருங்கிய இனத்தோடு கலப்பது, திரும்பத் திரும்பக் கலப்பது, காட்டில் இன்னும் தேடுவது என்று வரிசையாக வரும். ஒரு காலை நேரத்துக்கு வேன் வைத்தால் போதும்.

மொழி விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் யோசிக்கிறார்கள். தமிழ் தெரிந்தால்தான் சேர்க்கை என்று வைத்தால் தமிழ் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள், நீங்கள் தேடும் பிள்ளைகள் கிடைப்பது நிச்சயமில்லை. கோலத்துக்கும் பதிவேட்டு ஊர்ப்பெயர்களுக்கும் பாட்டிமாரைக் கூப்பிடுங்கள். தமிழ் அந்த வழியாக வரட்டும்.

மூன்று வாரம் அதிகம். டிசம்பரில் ஹாலுக்குக் கல்யாண புக்கிங் இருக்கும், 16ஆம் தேதி அரசு விடுமுறை, அப்புறம் கிறிஸ்துமஸ், ஊருக்குப் போகிறவர்கள். ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி எட்டு நாள், காலை எட்டரை முதல் பன்னிரண்டரை. அந்த ஈரப்புழுக்கத்தில் சாப்பாட்டுக்கு மேல் ஹாலில் யாருக்கும் மூளை ஓடாது. கடைசி நாளில் மேடை, மாலை, சர்டிபிகேட் என்று இழுக்காமல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேலையோடு ஒரு மேஜை அருகே நின்று பெரியவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

ஆசிரியர்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற எஞ்சினியர், பல்கலைக்கழக மாணவி, யாராக இருந்தாலும் “தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லக் கூச்சப்படாதவராக இருந்தால் சரி. ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும், சமையலுக்கு வரும் ஆன்ட்டி உட்பட, 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் கீழுள்ள சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியிலும் (பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியல்), பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேட்டிலும் சரிபார்க்க வேண்டும். முதலாவதற்கு 30ஆம் எண் படிவம், சமூக வளர்ச்சித் துறைக்கு அனுப்புவது. பதில் வர நாள் பிடிக்கும் என்பதால், துண்டு நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்பே படிவங்களை அனுப்பிவிடுங்கள்.