பாரிஸ் பார்த்தாச்சு, இன்னும் ரெண்டு நாள் கையில இருக்கு, பிரான்ஸ்ல எங்க போகலாம்?

என்னைக் கேட்டா அல்சாஸ் பக்கம் போயிடுங்க, ஜெர்மனி பார்டரை ஒட்டி இருக்கு. பாரிஸ்ல கார் தெ லெஸ்ட் ஸ்டேஷன்ல டிஜிவிங்கற அதிவேக ட்ரெயின் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஸ்ட்ராஸ்பூர்க், அல்சாஸோட பெரிய ஊர். அங்க இருக்கற கதீட்ரல் 142 மீட்டர் உயரம், 1647லேர்ந்து 1874 வரைக்கும் உலகத்துலயே உயரமான கட்டடம் அதுதான்.

ஆனா ராத்திரி தங்கறது கொல்மார்ல வச்சுக்கோங்க, அங்கேர்ந்து அரை மணி நேர ட்ரெயின்தான். குறுக்கும் நெடுக்குமா மரச்சட்டம் தெரியற பழங்காலத்து வீடுங்க, மஞ்சள் நீலம் ரோஸ்னு ஒண்ணை ஒண்ணு இடிச்சிக்கிட்டு நிக்கும், சில வீடு மேல்மாடி கீழ்மாடியை விட முன்னாடி துருத்திட்டு இருக்கும், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி, ஓரத்துல வாய்க்கால் அகலத்துக்கு ஒரு ஆறு. என்னடா பிரான்ஸ்ல தெரு பேரெல்லாம் ஜெர்மன் மாதிரி இருக்கேன்னு தோணும், 1871லேர்ந்து 1918 வரை இந்த ஏரியா ஜெர்மனி கைல இருந்துச்சு, ரெண்டாம் உலகப் போர்ல மறுபடியும் பிடிச்சிக்கிட்டாங்க. நியூயார்க் சுதந்திர தேவி சிலையைச் செஞ்ச பர்த்தோல்தி பொறந்ததும் கொல்மார்லதான், அவர் வீடு இப்ப மியூசியம்.

பக்கத்துல எகிஸைம்னு ஒரு குட்டி ஊர், தெருவே வட்டம் வட்டமா போகும், சுத்தி திராட்சைத் தோட்டம். ஒரு மணி நேரம் போதும்.

மோன் சேன் மிஷேல் எல்லாரும் சொல்வாங்க, கடல் நடுவுல நிக்கற மடம், அருமையான இடம்தான், ஆனா அது நார்மண்டி, நேரெதிர் திசை. ரெண்டையும் ரெண்டு நாள்ல திணிக்காதீங்க.

டிசம்பர்ல போறதா இருந்தா கிறிஸ்துமஸ் மார்க்கெட் கூட்டம் பயங்கரமா இருக்கும், ரூம் முன்னாடியே போட்டுடுங்க.