மிடில்வேர் (மென்பொருள்களுக்கு நடுவில் நின்று தரவைக் கடத்தும் மென்பொருள்) எதை எடுப்பது? கேள்வி பதில்

கேள்வி (சுன்னாகம்): பில்லிங், களஞ்சியம், கணக்கு, சம்பளம், இணையக்கடை, எஸ்எம்எஸ் எண்டு ஆறு மென்பொருள் இருக்கு. நேரே ஏபிஐ (ஒரு மென்பொருள் மற்றதோட பேசுற வழி) எழுதினால் காணாதோ அண்ணை?

பதில்: ஆறும் ஒன்றோடொன்று பேசினால் 15 இணைப்பு. ஆனால் சம்பளத்துக்கும் இணையக்கடைக்கும் என்ன பேச்சு? உண்மையில் பேசும் சோடிகளைத் தாளில் கீறிப் பாருங்கள். மூன்று நாலு கோடுதான் என்றால் மிடில்வேரே வேண்டாம்.

கேள்வி (நெல்லியடி): நாலு கிளையின்ர பில்லைத் தலைமைக் கணக்குக்கு அனுப்ப வேணும். காஃப்காவோ ரபிட் எம்கியூவோ?

பதில்: இரண்டும் செய்தியை வாங்கிக் கைமாற்றும் மிடில்வேர்தான்; உங்களுக்கு ரபிட். காஃப்கா, வாசித்த செய்தியையும் வைத்திருக்கும் (மாற்றாவிட்டால் 7 நாள்). ஒரே ஓடையைப் பலர் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடத்துக்கு அது. நாலு கிளைக்கு அதைப் பராமரிப்பது வீண் சுமை.

ரபிட்டில் வரிசை (செய்திகள் காத்திருக்கும் இடம்) டியூரபிள் (மறுதொடக்கத்திலும் அழியாதது), செய்தி பெர்சிஸ்டன்ட் (வட்டில் எழுதப்படுவது), இரண்டும் வேண்டும். முதலாவதை மட்டும் போட்டால் கரண்ட் போய் சேர்வர் எழும்பும்போது வரிசை இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. பெறும் நிரல், தரவுத்தளத்தில் கொமிட் ஆன (நிரந்தரமாகப் பதிவான) பிறகே 'கிடைத்தது' என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் இடையில் அது விழுந்தால் அதே பில் மறுபடி வரும். கிளைக் குறியீட்டையும் பில் இலக்கத்தையும் சேர்த்து யுனிக் கீ (ஒரே பில் இரண்டு முறை ஏறாத தடை) போடாவிட்டால் வருமானம் இரட்டிக்கும். பிழையான செய்தியைத் திரும்ப வரிசையில் போடாதீர்கள், சுற்றிக்கொண்டே இருக்கும். டெட் லெட்டர் வரிசைக்கு (பிழையானவற்றுக்கான தனி வரிசை) ஒதுக்குங்கள்.

கிளையின் இணைப்பு அறுந்தால்? பில் எழுதும் அதே டிரான்சாக்‌ஷனில் 'அவுட்பொக்ஸ்' (அனுப்ப வேண்டியவை) அட்டவணையிலும் ஒரு வரி எழுதுங்கள். இணைப்பு வந்ததும் வேறொரு நிரல் அதை எடுத்து அனுப்பட்டும்.

கேள்வி (திருநெல்வேலி): டபிள்யூஎஸ்ஓ2 சரிவராதோ?

பதில்: அதுவும் ஒரு மிடில்வேர். சோப் (எக்ஸ்எம்எல்) வடிவச் செய்தியை ஜேசன் வடிவத்துக்கு மாற்ற, பல இடத்துக்குப் பிரித்துவிட நல்லது. ஆனால் அதன் நினைவக ஸ்டோரை (செய்தியை நினைவகத்தில் மட்டும் வைப்பது) நம்பாதீர்கள், மறுதொடக்கத்தில் போய்விடும். பின்னால் ரபிட்டை வையுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): ஒரக்கிள் தரவுத்தளத்தில தமிழ் முகவரி ஏறுதில்லை, பிழை 12899.

பதில்: 'யாழ்ப்பாணம்' கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 11 குறியீடு, யூடிஎஃப்-8இல் சேமித்தால் 33 பைட். களம் 30 பைட் என்றால் எப்படி ஏறும்? நீளத்தைப் பைட்டில் அல்லாமல் கரக்டரில் குறியுங்கள்.

பழைய பாமினி எழுத்துருத் தரவும் (ஆங்கில எழுத்துக் குறியீட்டுக்குத் தமிழ் உருவம் காட்டுவது) கலந்திருந்தால் மிடில்வேருக்குள் நுழையும் இடத்திலேயே ஒருமுறை யூனிகோடாக்குங்கள். தமிழ் யூனிகோட் எழுத்து ஒன்றாவது இருக்கும் வரியை விட்டுவிடலாம். மிச்சத்தில் பாமினியும் ஆங்கிலப் பெயரும் கணினிக்கு ஒரே மாதிரித்தான் தெரியும்; அவற்றை ஆள் இருந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.