டாக்டர் சீட் கிடைக்காத மகளுக்கு மருத்துவத்துறையில் இன்னொரு வழி

மதிப்பிற்குரிய ஐயா,

நீட் மதிப்பெண் போதாமல் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் (மருத்துவக் கருவிகள் சார்ந்த பொறியியல்) படிக்க முடிவு செய்திருக்கும் உங்கள் மகள், ஏழைகளுக்குக் குறைந்த செலவில் மருத்துவம் கிடைக்கத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் சமூக நிறுவனம் ஒன்றில் சேரப் போவதாகச் சொல்வதைக் கேட்டு, அது வேலையா, தொண்டா என்று குடியாத்தத்திலிருந்து கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். அது சம்பளம் உள்ள வேலைதான். எந்த நிறுவனத்தில் சேருகிறார் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்த மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டே, செலுத்த இயலாதவர்களுக்கும் சிகிச்சை அளிக்கிறது. கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-ல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் மதுரையிலேயே அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை பல மடங்கு இறங்கியது. சிற்றூர்களில் அரவிந்த் நடத்தும் கண் பரிசோதனை மையங்களில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஒருவர் நோயாளியின் முகவாயைக் கருவியில் பொருந்த வைத்துக் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுக்கிறார். தொலைவிலுள்ள மருத்துவர் அதைப் பார்த்து, திரையில் தோன்றி நோயாளியிடமே பேசுகிறார். கண்ணாடி போதுமென்றால் அதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பீஞ்சமந்தை மலையிலிருந்து வேலூருக்கு வரும் கூலித்தொழிலாளிக்கு மருத்துவரின் கட்டணத்தைவிட, போகும் நாளின் கூலியும் பேருந்துச் செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியுமே பெரிய சுமை என்பது நம் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்தது. அந்தச் சுமையைக் குறைப்பதுதான் இத்துறையின் உண்மையான பணி என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மருத்துவரோடு கருவியைப் பழுதின்றி வைத்திருப்பவரும், மென்பொருள் எழுதுபவரும், கிராமத்தில் பணியாளர்களைப் பழக்குபவரும் தேவை.

இனி எச்சரிக்கை. மானியத்தை மட்டுமே நம்பி நடக்கும் நிறுவனங்கள் மானியம் நின்றதும் நின்றுவிடுவதுண்டு. ஆகவே நேர்காணலுக்குச் செல்லும்போது, இந்தச் சேவைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், கிராமத்தில் கருவி பழுதானால் யார் சரிசெய்கிறார்கள் என்று உங்கள் மகள் தயங்காமல் கேட்க வேண்டும். தெளிவான பதில் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் ஐ.டி. நிறுவனங்களைவிடக் குறைவாக இருக்கும். வீட்டுக் கடன் போன்ற பொறுப்புகள் இருந்தால் அதை அவரிடம் இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

பட்டம் முடித்ததும் நேராகச் சமூக நிறுவனத்துக்குப் போவதைவிட, ஒரு பெரிய மருத்துவமனையின் கருவிப் பராமரிப்புப் பிரிவில் 2 ஆண்டுகள் பணியாற்றினால் கை பழகும், மற்ற வேலைகளுக்கும் வழி திறந்திருக்கும். மேற்படிப்பு விரும்பினால், வேலூர் சி.எம்.சி., சென்னை ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். படிப்பு இருக்கிறது, அதற்காக மூன்றாம் ஆண்டிலிருந்தே பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கட்டும். கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் ஊரகப் பிரிவான ருஹ்சா உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கலந்தாய்வில் கல்லூரி விருப்பத்தைப் பதிவதற்கு முன் மகளை ஒருநாள் அங்கே அழைத்துச் செல்லுங்கள். முன் அனுமதி கேட்டுச் செல்வது நல்லது.