ஏபி பயாலஜியும் தாய்மாமனின் பயிற்சி மையமும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் ஏபி பயாலஜி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலை உயிரியல் பாடம்) எடுத்திருக்கும் எங்கள் மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. மனைவியின் தம்பி நடத்தும் பயிற்சி மையத்தில் மூன்று ஆண்டுகளாகப் பாடத்துக்குப் பாடம் பணம் கட்டி வருகிறேன். பாடம் எடுப்பதும் அவர்தான். இந்த ஆண்டு பயாலஜிக்கு மட்டும் 3,600 டாலர் கேட்கிறார். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 11,000 டாலர் பாக்கி இருக்கிறது. வட்டி 24 சதவீதம், மாதம் 300 டாலர் கட்டுகிறேன். ஏபியால் கல்லூரிக் கட்டணம் மிச்சமாகும் என்பதால் இதையும் கார்டில் போடலாமா, அல்லது 529 கணக்கிலிருந்து (கல்விக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) எடுக்கலாமா? 529-க்குப் பதில் ஐயுஎல் எனும், பங்குச்சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு எடுக்கும்படி நண்பர் ஒருவரும் வற்புறுத்துகிறார்.

பதில்: உங்கள் மகள் எடுத்திருக்கும் பாடத்தில் எந்தக் குறையும் இல்லை. மைத்துனர் கேட்கும்போதெல்லாம் கார்டை நீட்டும் உங்கள் பழக்கத்தில்தான் இருக்கிறது. 11,000 டாலருக்கு மாத வட்டி 220. நீங்கள் கட்டும் 300-இல் அசலுக்குப் போவது 80 டாலர்தான்; இந்த வேகத்தில், புதிதாக ஒரு டாலர்கூடச் செலவழிக்காவிட்டாலும், கடன் தீர ஐந்தரை ஆண்டுகள் ஆகும், வட்டி மட்டும் ஏறத்தாழ 9,000 டாலர் போகும். இதன்மேல் 3,600-ஐ ஏற்றினால் பாக்கி 14,600, மாத வட்டி 292. மீதம் எட்டு டாலரில் என்ன கடனை அடைக்கப் போகிறீர்கள்?

கல்லூரிக் கட்டணம் மிச்சமாகும் என்ற கணக்கும் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. ஏபி தேர்வில் ஐந்துக்கு 4 அல்லது 5 மதிப்பெண் வாங்கினால், அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்ததாகக் கணக்கில் கொண்டு பல பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தருவது உண்மை. ஆனால் முழுநேர மாணவர்களிடம் பருவத்துக்கு ஒரே கட்டணம் வாங்கும் இடங்களில், ஒரு பருவம் முன்னதாகவே பட்டம் முடித்தால்தான் அந்தக் கிரெடிட் பணமாக மாறும். போதாக்குறைக்கு, உயிரியல் தகுதிப்பாடத்துக்கு ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் பல உண்டு என்பதால், மருத்துவத்தை நோக்கிச் செல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் கல்லூரியில் மறுபடியும் உயிரியல் படிக்கவே செய்கிறார்கள். பாடத்தின் பயன் வலுவான அடித்தளம். அதைக் கடன் வாங்கி வாங்க வேண்டியதில்லை.

529 கணக்கைப் பொறுத்தவரை, 2025 ஜூலையில் வந்த கூட்டாட்சிச் சட்டம் பள்ளிப் பருவத்து ஏபி தேர்வுக் கட்டணத்தையும் தனிப்பயிற்சிச் செலவையும் அனுமதிக்கிறது என்றாலும், பயிற்சி தருபவர் மாணவரின் உறவினராக இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்திருக்கிறது. தாய்மாமனைவிட நெருங்கிய உறவு எது? அவருக்காக எடுக்கும் தொகையில் உள்ள ஆதாயத்துக்கு வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் விழும். தாய்மாமன் சீர் கொண்டுவருவதுதான் நம் வழக்கம். உங்கள் வீட்டில் சீர்வரிசை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

ஐயுஎல் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. சந்தை ஏறினால் லாபம், இறங்கினாலும் நட்டமில்லை என்பார்கள்; லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதையும், காப்பீட்டுச் செலவு ஆண்டுதோறும் கழிக்கப்படும் என்பதையும், தொடக்க ஆண்டுகளில் முறித்தால் சரண்டர் கட்டணம் கடிக்கும் என்பதையும் தணிந்த குரலில் சொல்வார்கள். 24 சதவீதக் கடன் வைத்திருப்பவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

மே மாதத் தேர்வு மூன்று மணி நேரம்: 60 கொள்குறி வினாக்கள், 6 விரிவான வினாக்கள், இரண்டுக்கும் சமபங்கு மதிப்பெண். ஒரு சோதனையின் வரைபடத்தைக் கொடுத்து, கட்டுப்பாட்டுக் குழு எது, பிழைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். அதற்குத் தேவை எழுதிப் பழகுவதுதான். முந்தைய ஆண்டுகளின் விரிவான வினாக்களும் மதிப்பெண் வழங்கும் முறையும் ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கான் அகாதமியின் பாடங்களும் இலவசம். உங்கள் உண்மையான செலவு சுமார் 100 டாலர் தேர்வுக் கட்டணம்தான். நவம்பரில் முடியும் பதிவுக் கெடுவைத் தவறவிட்டால் 40 டாலர் கூடும்.

பயிற்சிக்குப் போகாத பணத்தையும் சேர்த்து மாதம் 600 டாலர் கட்ட முடிந்தால், மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் சமயத்தில் கார்டு பாக்கி தீர்ந்திருக்கும். மைத்துனரிடம் இந்தச் செய்தியை நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் மனைவி சொல்லட்டும். அக்கா சொன்னால் தம்பிக்கு வருத்தம் இரண்டு பண்டிகையோடு போய்விடும்.